நின்று போடும் ஓட்டு

டீச்சருக்கு உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்ற உடம்பு அது. நாற்காலி என்றால் கைப்பையும் திருத்தாத நோட்டுக் கட்டும் வைக்கிற இடம் என்றுதான் அதற்குத் தெரியும். அப்படிப்பட்ட உடம்பைக் கொண்டுபோய்ச் சட்டசபையின் மெத்தை வைத்த இருக்கையில் நாளுக்கு ஏழு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும்? முதல் வருஷம் முதுகுவலி வந்தது. இரண்டாம் வருஷம் சபாநாயகரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: ‘உறுப்பினர் பின்வரிசைக்குப் பின்னால் உலாவுவதைத் தவிர்க்கவும்.’ மூன்றாம் வருஷம் வந்த வினை கொஞ்சம் பெரியது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சாலை. பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம், நடுவே நான்கு தடத்தில் லாரிகள். தினமும் காலையில் டீச்சர் சாலை நடுவில் போய் நின்று, குடையை நீட்டி லாரிகளை மறித்துப் பிள்ளைகளை அந்தப் பக்கம் சேர்ப்பாள். ஒரு நாள் ஒரு லாரி குடையை மட்டும் கொண்டுபோய்விட்டது. கையை விட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, கைதட்டினார்கள். அன்றைக்கு முதலாம் பாடவேளையில் டீச்சர் கரும்பலகையில் போட்ட நேர்கோடெல்லாம் புழு மாதிரி நெளிந்தது.

மறுநாள் நகராட்சித் தலைவரிடம் போய் நடைபாலம் கேட்டாள்.

"அது எங்க ரோடு இல்லம்மா. மாநில ரோடு," என்றார் அவர்.

பொய் சொல்கிறார் என்று நினைத்தாள். அந்தச் சாலையின் கோப்பை எடுத்துப் பார்க்கவேண்டும், பார்க்க விடமாட்டார்கள், உறுப்பினரானால் விடுவார்கள். வேலையை விட்டுவிட்டு நகராட்சித் தேர்தலில் நின்றாள். நிற்பது அவளுக்குக் கைவந்த கலைதானே, ஜெயித்தாள். கோப்பைத் திறந்தாள். அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை.

அந்த வெட்கத்திலேயே எட்டு வருஷம் நகராட்சியில் இருந்தாள். தெருவிளக்கு போட்டாள், சாக்கடைக்கு மூடி போட்டாள், குப்பை வண்டி வரும் நேரத்தைச் சுவரில் எழுதவைத்தாள். மாதம் ஒரு முறை மாநில நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போய் நின்றாள். அங்கிருந்த அதிகாரி ரொம்ப மரியாதையானவர். "ரோடு எங்களோடதுதான். ஆனா நடக்கிறவங்க நகராட்சியோடவங்க," என்று ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று சொல்லுவார்.

"ரோடு உங்ககிட்ட இருக்கு, காலு எங்ககிட்ட இருக்கு. நடுவுல உயிரு யாருகிட்டங்க இருக்கு?" என்று கேட்டாள். அதற்குத் தனியாக ஒரு பிரிவு இல்லை போலிருக்கிறது.

அப்புறம்தான் மாநிலத்துக்கே போவது என்று கிளம்பினாள். ஒரு கட்சியின் தலைவரைப் பார்த்தாள். "உங்க கொள்கை என்ன டீச்சர்?" என்றார். "பாலம்," என்றாள். "அது இல்ல, கொள்கை?" "அது பாலத்துக்கு அப்புறம் பாத்துக்கலாங்க." தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு சீட்டுக் கொடுத்தார். ஊரில் அவளுக்குப் பாலம் டீச்சர் என்று பெயர் வந்தது அப்போதுதான். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிற அவள் கணவர், "நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கும் நிக்கிற வேலை. நாற்காலி வாங்கினதுதான் தண்டம்," என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் ஒருவழியாக வாய்ப்பு வந்தது. நெடுஞ்சாலைத் துறை மசோதாவில் டீச்சர் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். மாநிலத்தில் ஐந்து பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் நடைபாலம், வருஷத்துக்கு ஒன்று வீதம். பட்டியலில் முதல் பெயர் அவள் ஊர்ப் பள்ளிக்கூடம். ஏன் முதலில் என்றால், அடுத்த வருஷம் அந்தச் சாலை நான்கு தடத்திலிருந்து ஆறு தடமாகப் போகிறது. ஆறு தடத்தை எந்தக் குடையாலும் மறிக்க முடியாது. இந்தத் திருத்தம் தோற்றால் இந்தச் சபை இருக்கும்வரை மறுபடி கொண்டுவர முடியாது என்பது விதி. சபைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள். அதற்குப் பிறகு டீச்சருக்குச் சீட்டு உண்டா என்று கேட்டால் தலைவர் மறுபடி சிரிப்பார். இந்த முறை அந்தச் சிரிப்பை நம்ப முடியாது.

ஓட்டெடுப்பு நாளன்று ஊரிலிருந்து பதினான்கு தாய்மார்கள் ஒரு வேன் பிடித்து வந்து, மேலே பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டி வந்தவள் தையல்காரி. எட்டு மாதம் வீடு வீடாகப் போய் ஆயிரத்து நானூறு கையெழுத்து வாங்கியவள். மாடத்தில் பேசக்கூடாது, கை காட்டக்கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார். அதனால் தையல்காரி கீழே இருந்த டீச்சரைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். என்ன, முடிஞ்சிடுமா? டீச்சர் தலையை ஆட்டினாள். முடிஞ்சிடும்.

முடிவதற்குக் கணக்கு சரியாக இருந்தது, ஆனால் நூலிழையில். டீச்சர் இருந்த ஆளுங்கட்சியில் இருவர் வெளியூர், ஒருவர் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மிச்சம் முப்பத்தெட்டு. எதிர்க்கட்சி முப்பத்தேழு. சமமாக வந்தால் சபாநாயகர் எதிர்த்துத்தான் போடுவார், அது அந்தச் சபையின் வழக்கம். ஆகவே ஒரு தலை குறைந்தாலும் பாலம் இல்லை.

ஓட்டெடுப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. மூன்று நிமிஷம் அடிக்கும். நின்றதும் கதவைச் சாத்துவார்கள். ஆளுங்கட்சியின் ஆட்களை எண்ணிச் சேர்க்கிற கொறடா வியர்த்துப்போய் ஓடிவந்தார்.

"டீச்சர், லாரிக்காரரைக் காணோம்!"

லாரிக்காரர் என்றால் லாரி வைத்திருக்கிற உறுப்பினர். நான் பார்த்துக்கிறேன் என்று டீச்சர் கிளம்பிவிட்டாள். ஏற்கெனவே பத்து நிமிஷமாக இருப்புக் கொள்ளாமல் எழுவதும் உட்காருவதுமாக இருந்தவளுக்கு நடக்க ஒரு சாக்கு கிடைத்தது.

பிள்ளைகள் எங்கே ஒளியும் என்று டீச்சர்களுக்குத் தெரியும். சிற்றுண்டிச்சாலையின் கடைசி மேஜையில், விரித்த செய்தித்தாளுக்குக் கீழே பளபளவென்று இரண்டு ஷூ தெரிந்தது.

"தம்பி, பேப்பர் தலைகீழா இருக்கு."

செய்தித்தாள் சட்டென்று திரும்பியது. அதுவரை நேராகத்தான் இருந்தது. இப்போதுதான் தலைகீழாயிற்று. லாரிக்காரர் அசடு வழியத் தாளை மடித்தார்.

"அக்கா! வயிறு சரியில்லக்கா."

"சரியில்லாத வயித்துக்கு இவ்ளோ பெரிய தட்டா?"

"இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா… பாலம் கட்டுற வருஷம் பூரா ரோட்டைப் பாதி மூடிடுவாங்க. என் வண்டி இருபத்திரெண்டும் சுத்திப் போகணும். டீசல் யாரு போடுவா?"

"பாலம் இல்லாம ஒரு நாள் உங்க வண்டி முன்னாடி ஒரு பிள்ளை வந்து விழுந்தா, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அப்படியெல்லாம் வாயால சொல்லாதீங்கக்கா. எனக்கும் பொண்ணு இருக்கா."

"தெரியும். கார்ல போறா. எந்திரிங்க."

அவர் எழுந்தார். எழுந்த பிறகும் நம்பாமல் டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி நின்றுவிடுமோ என்ற பதைப்பில் இருவரும் நடையும் ஓட்டமுமாக வந்து, சாத்தப்போன கதவிடுக்கில் நுழைந்தார்கள். கதவு பின்னால் மூடிக்கொண்டது. அப்பாடா என்று டீச்சர் நிமிர்ந்தாள்.

இங்கே அந்தச் சபையின் அமைப்பைச் சொல்லியாகவேண்டும். இருக்கைகள் லாடம் மாதிரி வளைந்து படிப்படியாக உயர்ந்து போகும். சிற்றுண்டிச்சாலைப் பக்கத்துக் கதவு சபாநாயகரின் மேடைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அதன் வழியே நுழைகிறவர் சபையின் எல்லா முகங்களையும் ஒரே வீச்சில் பார்ப்பார். அதாவது, கரும்பலகைப் பக்கத்திலிருந்து.

சபாநாயகர் அப்போதுதான், "திருத்தத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்," என்று சொல்லி முடித்திருந்தார். ஆளுங்கட்சி முப்பத்தாறு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். சபைச் செயலர் பென்சிலை நீட்டி முதல் வரிசையை எண்ணத் தொடங்கியிருந்தார்.

வலது கையில், இழுத்து வந்த ஒருத்தன். எதிரே, எழுந்து நிற்கிற வகுப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வாக்கியம் மூளையிடம் அனுமதி கேட்காமல் வரும். இருபத்திரண்டு வருஷம், நாளுக்கு ஆறு தடவை வந்த வாக்கியம். டீச்சரின் இடது கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை கீழே பார்த்து மெல்ல இறங்கியது.

"சரி சரி… எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

நிதி அமைச்சர் உட்கார்ந்தார். நெடுஞ்சாலை அமைச்சர் உட்கார்ந்து கையையும் கட்டிக்கொண்டார். தலைவருக்குப் பாதி வழியில் சுரணை வந்து, நாற்காலிக்கும் தன்மானத்துக்கும் நடுவில் முழங்கால் மடங்கித் தொங்கினார். அப்புறம் அவரும் விழுந்தார். கடைசி வரிசையிலிருந்து ஐம்பது வயதுக் குரல் ஒன்று ராகமாக, "நன்றி டீச்ச…ர்," என்று இழுத்து, நடுவிலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டது.

செயலர் கடமை தவறாதவர். நிற்கிற தலைகளை எண்ணினார். காது மந்தமான ஒருவர். சட்டென்று குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற ஒருவர். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத மூன்று பேர். கதவருகே டீச்சர். அவள் பிடியில் லாரிக்காரர்.

"ஆதரவு, ஏழு," என்றார் செயலர்.

எதிர்க்கட்சி எழுந்து நிற்கவேண்டிய நேரத்தில் எழுந்து நிற்க முடியாமல் சிரித்தது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. எப்படியோ ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு முப்பத்தேழு பேரும் எழுந்தார்கள். கொறடா "ஐயா! ஐயா!" என்று கத்தினார். சபாநாயகர் முடிவைச் சொல்ல வாயைத் திறந்து, இரைச்சலில் அது எடுபடாது என்று கண்டு, சபையை இருபது நிமிஷம் ஒத்திவைத்தார்.

டீச்சர் தலை நிமிர்த்தி மாடத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தாழ்வாரத்தில் தலைவர் காத்திருந்தார். கோபத்தில் அவருடைய குரல் ரொம்ப மென்மையாகிவிடும்.

"எதிர்க்கட்சிக்காரன் மூணு வருஷமா என்னை உக்கார வைக்கப் பாக்கிறான் டீச்சர். முடியல. உங்களுக்கு மூணு செகண்டு போதுமா இருக்கு."

"தலைவரே, நான் வாய்தவறிச் சொன்னேன். நீங்க ஏன் உக்காந்தீங்க?"

தலைவர் யோசித்தார். "அதான் எனக்கும் தெரியல. முட்டி என் பேச்சைக் கேக்கல."

கொறடா விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். "ஒரு வழி இருக்கு. சபாநாயகர் இன்னும் முடிவைச் சொல்லல. சபையில யாருமே ஆட்சேபிக்கலைன்னா திரும்ப எண்ணலாம். ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் போச்சு."

"அப்ப போச்சு," என்றார் தலைவர். "வக்கீல் விடமாட்டார்."

வக்கீல் என்பது எதிர்க்கட்சித் தலைவர். டீச்சர் போனபோது அவர் தன் அறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்த கண்ணீர்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. இருபது வருஷமா இந்தச் சபையில இருக்கேன். ஆளுங்கட்சி இவ்ளோ ஒழுக்கமா உக்காந்து நான் பாத்ததே இல்ல. உக்காருங்க… ஐயோ, நான் உங்களுக்குச் சொல்றதா!"

"பரவாயில்லைங்க, நிக்கிறேன். திரும்ப எண்ணணும். நீங்க ஆட்சேபிக்கக் கூடாது."

"ஆட்சேபிக்கல. எங்காளுங்க யாரும் வாயத் திறக்கமாட்டாங்க. ஆனா," என்று அவர் திருத்தத்தின் தாளை மேஜையில் விரித்தார். "அஞ்சு ஊரு போட்டிருக்கீங்க. முதல்ல உங்க ஊரு, நாலாவது எங்க ஊரு. முன்மொழிஞ்சவங்க நீங்க. நீங்க நினைச்சா வரிசையை மாத்தலாம். நம்ம ரெண்டு பேரும் இடம் மாறிக்குவோமே."

"நாலாவதா? அடுத்த வருஷம் எங்க ரோடு ஆறு தடம் ஆகுதுங்க."

"எங்க ஊர்லயும் பிள்ளைங்க ரோட்டைத்தான் தாண்டுது. பறந்து போகல."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆகவே பேரம் பேசினாள். "ரெண்டாவது கொடுங்க."

"ரெண்டாவது எங்க பொருளாளரோட ஊரு. அவரு ஏற்கெனவே என்மேல கடுப்பா இருக்காரு."

"அப்ப மூணாவது."

வக்கீல் தாளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "மூணாவது. உங்க முகத்துக்காக. ஆனா ஒன்னு, ஓட்டு நாங்க எதிர்த்துத்தான் போடுவோம்."

"உங்க ஊர்ப் பாலத்துக்கா?"

"பாலம் வேற, அரசியல் வேற டீச்சரம்மா. பத்து நிமிஷம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் தாழ்வாரத்தில் நடந்தாள். தண்ணீர்க் குழாயிலிருந்து மாடிப்படி வரை இருபத்தாறு அடி. திரும்பினால் மறுபடி இருபத்தாறு. மாடிப்படியில் காவலர் நின்றார். ஒத்திவைப்பு நேரத்தில் உறுப்பினர்கள் மாடத்துக்குப் போகக்கூடாது. மாடத்தில் இருப்பவர்கள் இறங்கவும் கூடாது. "ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்," என்றாள். "விதிம்மா," என்றார் அவர். விதியைக் கடைப்பிடிக்கச் சொல்லி ஊரெல்லாம் பிள்ளைகளைப் பழக்கியவள் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒரு தப்பு பண்ணிட்டேன்." சொன்னாள். மறுமுனையில் சத்தமே இல்லை. "என்னங்க, சிரிக்கிறீங்களா?"

"இல்ல… இல்லம்மா… இரு, கடையில ஆளு இருக்கு." மூக்கை உறிஞ்சினார். "சரி, என்ன பண்ணப் போற?"

"மூணாவதா போட்டா நம்ம ஊரு என்னைச் சும்மா விடுமா? ஆறு தடத்துல பிள்ளைங்க மூணு வருஷம் தாண்டணும். அதுல ஒன்னுக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

"போடலைன்னா?"

"அஞ்சு ஊர்லயும் இல்ல."

"அப்ப நம்ம ஊர்ல மட்டும் திட்டு வாங்குறது, இல்ல அஞ்சு ஊர்லயும் வாங்குறது. ஒரு நிமிஷம்… இல்லைங்க, இது சாப்பாட்டுக்கு அப்புறம், பச்சை மாத்திரைதான் முன்னாடி… என்ன சொன்னேன்? ஆங். உனக்கு பதில் தெரியும்மா. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற?"

"நீங்களாவது வேற சொல்லுவீங்களோன்னு பாத்தேன்."

வேறு வழி அவருக்கும் தெரியவில்லை.

கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் பேனாவைத் திறந்து, கழுவு தொட்டியின் விளிம்பில் தாளை வைத்து, ஊர்ப் பெயரை அடித்தாள். கை வழுக்கி இரண்டு முறை அடித்துவிட்டாள். மூன்றாவது இடத்தில் எழுதும்போது, பரீட்சைத் தாளில் நல்லா எழுதின பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்துப் போட்டது மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை மேலே மாடத்தில் பதினான்கு பேராக உட்கார்ந்திருந்தது.

சபை கூடியது. மறு எண்ணிக்கைக்கு ஆட்சேபம் உண்டா என்று சபாநாயகர் கேட்டார். வக்கீலின் ஆட்கள் உத்தரத்தைப் பார்த்தார்கள். செயலர் வரிசை மாற்றத்தை ஒரே மூச்சில், நிறுத்தற்குறி இல்லாமல் வாசித்தார். மாடத்தில் யாருக்கும் ஒரு சொல் பிடிபட்டிருக்காது. அப்புறம் ஆதரிப்பவர்கள் எழுந்தார்கள். டீச்சரும் எழுந்தாள். ஆளுங்கட்சியில் பலர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கமே திரும்பாமல் நின்றார்கள். முப்பத்தெட்டு. எதிர்த்தவர்கள் எழுந்தார்கள். வக்கீல் தன் ஊருக்கு முதலாவதாக வரப்போகிற பாலத்தைக் கம்பீரமாக எதிர்த்து நின்றார். முப்பத்தேழு.

"திருத்தம் நிறைவேறியது."

மாடத்திலிருந்து கைதட்டல் வந்தது. காவலர் உஷ் உஷ் என்றும் கேட்காமல் பதினான்கு பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தையல்காரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை டீச்சர் மேஜை மேலிருந்த தண்ணீர்க் குவளையின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மாடிப்படி ஏறினாள். பாதியிலேயே தையல்காரி ஓடி இறங்கிவந்து கட்டிக்கொண்டாள்.

"டீச்சர்! முதல்ல என்னமோ சிரிச்சாங்க, எங்களுக்கு உயிரே போச்சு! என்ன ஆச்சு? எப்ப தோண்ட ஆரம்பிப்பாங்க?"

"கொஞ்சம் இரும்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

டீச்சர் படியில் நின்றபடியே சொன்னாள். பாடம் சொல்கிற மாதிரி வரிசையாக, எதையும் விடாமல். தான் உட்காரச் சொன்னது, அவர்கள் உட்கார்ந்தது, வக்கீல், மூன்றாவது இடம். சொல்லச் சொல்ல, தன்னைக் கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோவது தெரிந்தது.

பின்னாலிருந்த ஒருத்தி, உட்கார்ந்த அமைச்சர்களை நினைத்து அடக்கமாட்டாமல் களுக்கென்று சிரித்தாள். தையல்காரி திரும்பிப் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே நின்றது.

"மூணு வருஷம்," என்றாள் தையல்காரி. "என் பெரியவ அதுக்குள்ள பள்ளிக்கூடத்தையே முடிச்சிடுவா."

"ஆமா."

"சின்னவன்?"

"அப்ப ஆறாவது படிப்பான். அவன் ஏறுவான்."

"அதுவரைக்கும்?"

டீச்சர் ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"படியேற விடல. நேரமும் இல்ல."

"எட்டு மாசம் கையெழுத்து வாங்கினோமே டீச்சர், அதுக்கு எங்களுக்கு நேரம் இருந்துச்சு." தையல்காரியின் குரல் உடையவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க பண்ணினது தப்புன்னு சொல்லல. அஞ்சு ஊருங்கிறீங்க, சரி. ஆனா ஊர்ல போய் இதை நாங்க சொல்லமாட்டோம். எங்களால முடியாது. நீங்களே எங்க வேன்ல வந்து சொல்லுங்க. இன்னைக்கே."

பிற்பகலில் இன்னும் நான்கு மசோதா இருந்தது. கொறடா படிக்குக் கீழே நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டினார். "வரேம்மா," என்றாள் டீச்சர்.

வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியெல்லாம் யாரும் அவளோடு பேசவில்லை. இத்தனை காலத்தில் அவளுக்குக் கடைசி ஆளாக நடந்து பழக்கமில்லை. முன்னால் போனால் தலைமை தாங்குவது போலிருக்கும், நடுவில் நுழைந்தால் ஒண்டுவது போலிருக்கும் என்று பின்னாலேயே வந்தாள். அப்போதுதான் பெரிய கறுப்புக் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்த லாரிக்காரர் கண்ணில் பட்டார். டீச்சரின் கால் அவளைக் கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பியது.

"தம்பி, நில்லுங்க."

"அக்கா! நான்தான் ஓட்டுப் போட்டேனே! ரெண்டு தடவை நின்னேன்!"

"நின்னீங்க. நன்றி. இது வேற விஷயம். காலையில எட்டுலேருந்து எட்டரை, சாயங்காலம் மூணரைலேருந்து நாலு. பள்ளிக்கூட நாள்ல அந்த ஒரு மணி நேரம் உங்க வண்டி ஒன்னுகூட அந்த ரோட்டுல வரக்கூடாது. பாலம் வர வரைக்கும்."

"மூணு வருஷமா? அக்கா, இருபத்திரெண்டு வண்டி! சரக்கு எடுத்தவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வழியில பிள்ளைங்க தாண்டுதுன்னு சொல்லுங்க."

"சட்டம் இருக்கா இதுக்கு?"

"இல்ல. இருந்திருந்தா உங்ககிட்ட ஏன் கேக்குறேன்?"

லாரிக்காரர் காருக்குள் நழுவப் பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கக் கதவருகே தையல்காரி வந்து நின்றிருந்தாள். அவள் பின்னால் இன்னும் நான்கு பேர், அப்புறம் எட்டுப் பேர்.

"ஒரு மணி நேரந்தான அண்ணா," என்றாள் தையல்காரி. "எங்க பிள்ளைங்க தினம் நிக்குதுங்க. உங்க வண்டி நிக்கக்கூடாதா?"

"பாக்கலாம்மா…"

"பாக்கலாம் வேணாம் தம்பி," என்றாள் டீச்சர். "எழுதிக் கொடுங்க."

அவர் எழுதினார். அன்றைய நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில், கார் கூரைமேல் தாளை வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதினார். டீச்சர் வாங்கிப் படித்தாள். "தேதி?" என்றாள். தேதி போட்டார். "கையெழுத்து இதுவா? என்னமோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கு." "அதான்க்கா என் கையெழுத்து!" தையல்காரி தாளை வாங்கி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். டீச்சரிடம் கொடுக்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

"இதுக்காக ஊர்ல சொல்றத விட்டுட முடியாது," என்றாள் தையல்காரி, வேறெங்கோ பார்த்தபடி.

"விடல. சொல்லத்தான் வரேன்."

"ரொம்பத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

எழுதிக் கொடுத்த எரிச்சல் லாரிக்காரருக்கு இன்னும் ஆறவில்லை. "என்னை மட்டும் மடக்கினா ஆச்சா? அந்த ரோட்டுல என் வண்டி மட்டுமா ஓடுது? செங்கல் சூளைக்காரர் வண்டி பதினஞ்சு ஓடுது. அவரை யாரு கேக்குறது?"

டீச்சரும் தையல்காரியும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் செய்த தவறு அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"அவரு வீடு எங்க இருக்கு?" என்றாள் டீச்சர்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லமாட்டேன். எங்க?"

"இங்கதான், ரயில் நிலையத்துக்குப் பின்னாடி தெரு. பச்சை கேட்டு."

தையல்காரி பையிலிருந்து துணியில் கோடு போடுகிற பென்சிலை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வேன் ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். உள்ளே ஏறிவிட்டிருந்த இரண்டு பெண்கள், முதலில் ஊருக்கா அல்லது ரயில் நிலையத்துப் பக்கமா என்று அதற்குள் சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

"பெரிய நாய் ஒன்னு இருக்குக்கா அங்க," என்றார் லாரிக்காரர்.

"இருக்கட்டும். அடுத்தது யாரு? மணல் வண்டி யாரோடது?"